கயிறும் டப்பாவும்

மாடியில் காய்ந்த துணியை மழை வருமுன் எடுத்துவிடலாம் என்று ஏறிய அம்மா, இறங்கும்போது பாசி படிந்த படியில் வழுக்கினார். விழும்போது இடது கையை ஊன்றிவிட்டார். அறுபத்தேழு வயது உடம்பின் முழு எடையும் ஒரே மணிக்கட்டில் இறங்கியது. முன்கை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்தது. இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் அப்படியே இருக்க வேண்டும் என்றார்கள்.

அன்று மாலையே சித்தி பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்கு வந்துவிட்டார். கையில் மந்திரித்த கறுப்புக் கயிறு. "அக்கா, நல்ல கையில கட்டிக்கோ. எலும்பு சீக்கிரம் கூடிடும்" என்றார். நான் விடவில்லை. கயிற்றில் என்ன இருக்கிறது, கையில் கட்டுவது எலும்புக்குள் எப்படிப் போகும், இதுவரை யாருக்குக் கூடியது, யாருக்குக் கூடவில்லை என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. கயிறு சாமி படத்துக்கு அருகில் போய்ச் சேர்ந்தது. பகுத்தறிவின் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

மறுநாள் வலி மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போனேன். சீட்டைப் பார்த்த கடைக்காரர், "எலும்பு முறிவா சார்? ஆன்டிஆக்ஸிடன்ட் ஒண்ணு இருக்கு. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், ஜிங்க், செலினியம் எல்லாம் சேர்ந்தது. சீக்கிரம் கூடும்" என்றார். முப்பது மாத்திரை, 480 ரூபாய். ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

மேசையில் வைத்த டப்பாவை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏம்பா, அந்தக் கயித்துல என்ன இருக்குன்னு அவள அந்தக் கேள்வி கேட்டியே. இந்த டப்பாவுல என்ன இருக்குன்னு கடைக்காரரக் கேட்டியா?"

கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எலும்பு தானாகக் கூடும்

முறிந்த எலும்பு, பெரும்பாலும் தானாகவே கூடும். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. அடுத்த சில நாட்கள் வீக்கம். உடம்பின் துப்புரவுச் செல்கள் அங்கே குவிந்து சிதைந்ததை அப்புறப்படுத்துகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் முறிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே மெத்தென்று ஒரு பாலம் உருவாகிறது. அதில் கால்சியமும் பாஸ்பரசும் படிந்து கெட்டியாகிறது. பிறகு மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், அந்தப் புடைப்பை உடம்பே செதுக்கிச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. மாவுக்கட்டும் ராடும் பிளேட்டும் எலும்பை நேராக நிறுத்தி, அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. கூட்டுகிற வேலை உடம்புடையது.

எலும்பைச் சுற்றி இத்தனை வைத்தியங்கள் முளைத்திருப்பதற்கு இதுவே காரணம். ஆறு வாரத்தில் எப்படியும் கூடப்போகிற எலும்புக்கு இடையில் எதைக் கொடுத்தாலும் அது பலித்ததாகவே தெரியும். கயிறு கட்டினால் கயிறு பலித்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால் கட்டு பலித்தது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் சூப் பலித்தது. மாத்திரை போட்டால் மாத்திரை பலித்தது. எல்லாரிடமும் சாட்சிக்கு ஆள் இருக்கிறது. எல்லாச் சாட்சியும் உண்மையே பேசுகிறது. ஆனாலும் அதில் ஒன்றும் சாட்சியம் ஆகாது. அதே வயதில், அதே முறிவோடு, அந்தப் பொருளைத் தொடாதவருக்கு எத்தனை வாரத்தில் கூடியது என்று பக்கத்தில் வைத்துக் காட்டும் நாளில்தான் அது சாட்சியம்.

சாணைக்கல்

வைட்டமின்களை இளக்காரமாகப் பேச நான் வரவில்லை. எதையும் கேலி செய்வதுதான் பகுத்தறிவு என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பகுத்தறிவின் சோம்பேறித்தனம். வைட்டமின் சி இல்லாமல் எலும்பு கூடாது. அது உறுதியாகத் தெரிந்த உண்மை.

எலும்பு வெறும் சுண்ணாம்பு இல்லை. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயிர்ப்பொருளால் ஆன சட்டகம். அதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன். அந்தக் கயிற்றின்மேல்தான் சுண்ணாம்புச் சத்து படிகிறது. இழைகள் முறுக்கு அவிழாமல் நிற்க வேண்டுமானால், அவற்றில் உள்ள புரோலின், லைசின் என்ற அமினோ அமிலங்களில் ஒரு சிறு மாற்றம் நடக்க வேண்டும். அதைச் செய்யும் என்சைம்களின் நடுவில் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. வேலையின் நடுவே அந்த இரும்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து செயலற்றுப் போகிறது. அதைத் திரும்ப வேலைக்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவருவது வைட்டமின் சி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறையில் நின்றவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இரும்பைச் சீவச் சீவ டூல் மழுங்கும். கிரைண்டரில் சாணை பிடித்தால்தான் அடுத்த பீஸ் ஓடும். சாணைக்கல் இல்லாத பட்டறை மத்தியானத்துக்குள் நின்றுவிடும். சரி, சாணைக்கல் இருக்கிற பட்டறைக்கு இன்னும் பத்து சாணைக்கல் வாங்கிப் போட்டால் உற்பத்தி பத்து மடங்காகுமா? முதலாளி அப்படி நினைத்தால் ஃபோர்மேன் சிரிப்பார். ஆனால் வைட்டமின் டப்பாவின் முன்னால் நாம் எல்லாரும் அந்த முதலாளியாகிவிடுகிறோம்.

சாணைக்கல் இல்லாமல் போனால் நடப்பதற்குச் சரித்திரத்தில் ஒரு கொடூரமான சாட்சி உண்டு. 1740இல் ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி கப்பல் படையோடு உலகைச் சுற்றப் புறப்பட்டார். காய்கறி, பழம் இல்லாத மாதங்களில் மாலுமிகள் வைட்டமின் சி குறைவு நோயான ஸ்கர்வி வந்து கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அவர்களில் ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1690இல் அயர்லாந்தின் பாயின் போரில் காயம்பட்டவர். காயம் ஆறி, முறிந்த எலும்பும் கூடி, அரை நூற்றாண்டாக நன்றாக வாழ்ந்தவர். கடலில் ஸ்கர்வி வந்ததும் அந்தப் பழைய காயம் திறந்துகொண்டது. கூடிய எலும்பு, கூடவே இல்லாததுபோல் விட்டுப்போயிற்று. 1748இல் வெளியான அந்தப் பயணக் குறிப்பு இதைப் பதிவு செய்திருக்கிறது. உடம்பு தன் கொலாஜனைப் பிரித்துப் பிரித்துப் புதிதாக முறுக்கிக்கொண்டே இருக்கிறது. ஐம்பது வருடப் பழைய ஒட்டுக்கும் அன்றாடப் பராமரிப்பு வேண்டும் என்பதை அந்த மாலுமியின் உடம்பு காட்டிக் கொடுத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1747இல், ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு வைத்தியம்: ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர், இப்படி. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் ஒரே வாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்தார்கள். லிண்ட்டுக்கு வைட்டமின் என்றால் என்னவென்று தெரியாது. அந்தச் சொல்லே பிறக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அது போதுமாக இருந்தது.

எவ்வளவு வேண்டும்? நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் சொன்ன கணக்கு: நாளொன்றுக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தூவித் தருகிறார்களே, அந்த ஒரு கொய்யா போதும். சில நூறு மில்லிகிராமைத் தாண்டினால் ரத்தம் நிரம்பிவிடுகிறது. மிச்சம் சிறுநீரில் போகிறது. ஸ்வீடனில் வைட்டமின் சி மாத்திரையைத் தனியாக எடுத்துக்கொண்ட ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்ததை 2013இல் கண்டார்கள். தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் ஷெட்டுக்குள் வேர்த்துக் கொட்டும் நம் ஊர்த் தொழிலாளி இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தனியாக இருந்து ரசம் சாதத்தோடு நாளை ஓட்டும் முதியவர், சோற்றை மறந்து குடியில் விழுந்தவர், பத்துப் பேர் ஓர் அறையில் தங்கி உருளைக்கிழங்கும் ரொட்டியுமாக வாழும் வெளிமாநில இளைஞர், இவர்களில் யாருக்காவது எலும்பு முறிந்தால் வைட்டமின் கொடுப்பது வைத்தியம். கட்டாயம் கொடுக்க வேண்டும். தினமும் கீரையும் பழமும் சாப்பிடும் என் அம்மாவுக்கு அதே டப்பா எதற்கு?

எலியில் நடந்தது, மனிதரில் நடக்காதது

டப்பா சொல்லும் கதை இது: எலும்பு முறிந்த இடத்தில் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலைகொள்ளாத மூலக்கூறுகள் பெருகும். அவை எலும்பு கட்டும் செல்களைக் கெடுக்கும். ஆன்டிஆக்ஸிடன்ட் அவற்றை அடக்கும். ஆகவே எலும்பு சீக்கிரம் கூடும்.

கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. அடிப்படையும் இருக்கிறது. எலிகளின் எலும்பை முறித்து வைட்டமின் சி, ஈ கொடுத்துப் பார்த்த சோதனைகள் பலவற்றில் பாலம் சீக்கிரம் உருவானது உண்மை. ஆனால் அதே ஃப்ரீ ராடிக்கல்கள் உடம்பின் சேதிக்காரர்களும்கூட. முதல் சில நாட்களின் வீக்கம், துப்புரவு, பழைய எலும்பைக் கரைத்து இடம் விடுவது, இதெல்லாம் அவற்றின் சைகைகளை நம்பி நடக்கிற வேலைகள். அவற்றை முழுக்க அடக்குவது நல்லதா கெட்டதா என்று கதையை வைத்து முடிவு செய்ய முடியாது. மனிதரில் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். அதுவும் என் அம்மாவுக்கு முறிந்த அதே எலும்பில். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மணிக்கட்டு எலும்பு முறிந்த 336 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 50 நாள், நாளுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி. மறு பாதிக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது எலும்பு கூடியதிலும் கையின் செயல்பாட்டிலும் வித்தியாசம் இல்லை. 2014இல் அதை வெளியிட்டார்கள்.

எதிர்த்தரப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1999இல் நெதர்லாந்தில் 123 பேரிடம் செய்த சோதனையில், மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு சிலருக்கு வரும் நீங்காத நரம்பு வலி, வைட்டமின் சி எடுத்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 22 சதவீதம் பேருக்கும் வந்தது. எடின்பரோவில் அந்தப் பலன் தென்படவில்லை. ஆக, வலியைப் பற்றிய விவாதம் இருக்கிறது. எலும்பு சீக்கிரம் கூடும் என்று கடைக்காரர் சொன்னதற்கு மனிதச் சாட்சியம் இல்லை.

இன்னொன்று. ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே குணம் வேறுபட்ட பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். வைட்டமின் ஈ, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டி எலிகளின் எலும்பைக் குறைத்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். வைட்டமின் ஏ-வின் கதை அதைவிடக் கூர்மையானது. ஸ்வீடனில் 2,322 ஆண்களை 30 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2003இல் வந்தது. ரத்தத்தில் வைட்டமின் ஏ-வின் வடிவமான ரெட்டினால் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு எலும்பு முறிவும் அதிகமாக இருந்தது. எலும்புக்கு நல்லது என்ற பெயரில் எலும்புக்கே பகையானதை விழுங்க வாய்ப்பு உண்டு.

பரிகாரம்

எங்கள் தெருக்கோடியில் ஒரு தம்பி இருக்கிறார். எஸ்டேட்டில் லேத்து ஆபரேட்டர். சி.டி.எச். ரோட்டில் பைக் சறுக்கிக் கீழ்க்கால் எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதமாகியும் எலும்பு சேரவில்லை. அம்மாவைப் பார்க்க ஊன்றுகோலோடு வந்தவர், மேசையில் இருந்த டப்பாவைப் பார்த்து, "இதேதாண்ணே நானும் போடுறேன்" என்றார். சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாருண்ணே. முடியல. அதான் இத ஒரு நாள் விடாம போடுறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. புகை ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைக் கார்பன் மோனாக்ஸைடுக்குக் கொடுக்கிறது. கீழ்க்கால் எலும்பு கூடுவதைப் புகை தாமதப்படுத்தும் என்பது எலும்பு மருத்துவர்கள் எல்லாரும் அறிந்தது. புகைப்பவர்களின் உடம்பு வைட்டமின் சி-யை வேகமாகச் செலவழிப்பதால் அவர்களுக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2000இல் கணக்குச் சொன்னது. அதைக் கால் கொய்யா தீர்த்துவிடும். சிகரெட்டை எந்த டப்பாவும் தீர்க்காது.

அந்தத் தம்பி மாத்திரையை மருந்தாக விழுங்கவில்லை. பரிகாரமாக விழுங்குகிறார். செய்கிற தப்பை நிறுத்தாமலே அதன் பலனிலிருந்து தப்பிக்கலாம் என்ற பழைய ஏற்பாடு அது. கோயில் வாசலில் நடந்தால் நாம் கண்டிக்கிறோம். மெடிக்கல் கவுண்டரில் நடந்தால் ஆரோக்கிய விழிப்புணர்வு என்கிறோம்.

இந்தப் பரிகாரத்தின் உச்சக்கட்டம் ஃபின்லாந்தில் நடந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். பீட்டா கரோட்டின் அவர்களை நுரையீரல் புற்றுநோயிலிருந்து காக்கும் என்று உலகமே எதிர்பார்த்தது. காய்கறி நிறைய உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு, காய்கறியில் பீட்டா கரோட்டின் உண்டு, ஆகவே மாத்திரை காக்கும் என்பது கணக்கு. சில ஆண்டு கொடுத்துப் பார்த்து, 1994இல் முடிவைச் சொன்னார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இதேபோன்ற சோதனையிலும் தீங்கே தெரிந்ததால் 1996இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்தத் தம்பி சில மாதம் போட்ட மாத்திரையால் புற்றுநோய் வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. புகைபிடிப்பவர் கையில் பீட்டா கரோட்டின் டப்பாவை நீட்டும்போது, நீட்டுபவர் நாக்கு கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டும் என்கிறேன்.

தீங்கில்லையே என்கிறவர்களுக்கு

"பலன் இல்லாவிட்டால் போகட்டும், தீங்கில்லையே" என்பார்கள். கயிற்றுக்கும் இதே வாதத்தைத்தான் சித்தி சொன்னார். இரண்டு இடத்திலும் இந்த வாதம் தப்பு.

முதல் தீங்கு காசு. விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கத் தமிழ்நாடு அரசு 2021இல் திட்டம் கொண்டுவந்தது. வீட்டுக்கு வந்தபின் மாதாமாதம் வாங்கும் டப்பாவுக்கு யார் திட்டம் போடுவது? வேலைக்குப் போகாத ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் 480 ரூபாய் என்பது முட்டையும் பருப்பும் பாலும். முறிந்த எலும்பு கேட்பது அந்தப் புரதத்தையும் கால்சியத்தையும்தான். டப்பா அவற்றைத் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறது.

இரண்டாவது தீங்கு கவனம் திசை மாறுவது. வைட்டமின் டி போதுமா என்று ரத்தம் பார்ப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புகையை விடுவது, சொன்ன நாளில் எக்ஸ்ரே எடுப்பது, விரல்களை அசைத்துப் பயிற்சி செய்வது, இவையெல்லாம் சிரமம். மாத்திரை சுலபம். சுலபமானது கிடைத்ததும் சிரமமானது தள்ளிப்போகிறது.

மூன்றாவது தீங்கு மனதுக்கு. ஆதாரம் கேட்காமல் நம்பப் பழகிய மனம் அந்தப் பழக்கத்தை ஒரு விஷயத்தோடு நிறுத்திக்கொள்ளாது.

அம்மா கேட்ட பிறகு டப்பாவைத் திருப்பி எழுத்தெழுத்தாகப் படித்தேன். முன்பக்கம் எலும்பு, மூட்டு, ஆற்றல் என்று பெரிய எழுத்து. பின்பக்கம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்தால் தெரிகிற ஆங்கில எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஒரு வரி. இந்த வகைப் பொருளில் அந்த வரி இருக்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. 1954இல் வந்த மாயத் தீர்வு விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் தாயத்தையும் மந்திரத்தையும் கவசத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சித்தியின் கயிற்றின் இனம் அதில் பெயரோடு இருக்கிறது. 'எலும்பு நலத்துக்குத் துணை' என்று வழுக்கலாக எழுதிய டப்பா மாட்டாமல் நழுவிவிடும்.

அதேசமயம் மேலைநாட்டு மாத்திரை மோசம், நம் பாட்டி வைத்தியம் உசத்தி என்று இதைப் படிப்பவர்கள் கிளம்ப வேண்டாம். எலும்பைக் கூட்டும் என்று மரபு சொல்லும் பிரண்டைக்கும் இதே தராசுதான். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பாவின் குழு 1960களில் பிரண்டையை விலங்குகளின் முறிந்த எலும்பில் சோதித்து நம்பிக்கையான முடிவுகளைக் கண்டது. மரபு சொன்னதைத் தராசில் ஏற்றிய அந்தச் செயலுக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் எலியில் கண்டது மாத்திரைக்குப் போதாது என்றால், விலங்கில் கண்டது பிரண்டைக்கும் போதாது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் புத்தூர் கட்டுக்கும் அதேதான். பிரண்டைத் துவையலை நான் விரும்பிச் சாப்பிடுகிறேன். ருசிக்காகச் சாப்பிடுகிறேன்.

அம்மாவின் தோள்

அம்மா பிறந்தது திருவள்ளூரை ஒட்டிய ஒரு கிராமம். அவரது இடது தோளில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. "எனக்குப் பதினொண்ணு, பன்னெண்டு வயசு இருக்கும். ஜீப்புல வந்து ஊர் மொத்தத்துக்கும் ஊசி போட்டாங்க. அப்புறம் கொஞ்ச வருஷத்துக்கு ஒருதரம் எக்ஸ்ரே வண்டி வரும். நெஞ்ச நிமுத்தி நிக்கச் சொல்லுவாங்க" என்பார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் சமீபத்தில்தான் தெரிந்தது.

1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெற்று ஊசி. பதினைந்து ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். காசநோயை அந்த ஊசி தடுக்கும் என்று உலகம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தது. நாடுகள் கோடிக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தன. 1979இல் வந்த முதல் முடிவே எல்லாரையும் உலுக்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. பச்சிளங் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து காப்பதால் இன்றும் பிறந்ததும் போடுகிறார்கள். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துச் சொல்லும் நேர்மையை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நின்ற திருவள்ளூர்க் கிராமத்து மக்களும் உண்டு.

அதே வழியில் ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுப் பிரிவு 1991இல் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அதில் பங்கெடுத்தார்கள். நான்கு தடுப்பூசியும் ஒரே அளவில் காக்கவில்லை என்று 1998இல் தெரிந்தது. அந்தப் பிரிவும் சேர்ந்து 1999இல் உருவானதுதான் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம். எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்.

இந்த மண்ணின் மக்கள் ஆதாரத்துக்காகத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள். அப்படிக் கொடுத்த கையில், அதே இடது கையில், எலும்பு முறிந்தபோது நான் ஆதாரமே இல்லாத ஒன்றை வாங்கி வந்து வைத்தேன். அம்மாவின் கேள்வி எனக்கு உறைத்தது அங்கேதான்.

சித்தியிடம் நான் கேட்ட கேள்விகள் சரியானவை. அவற்றை இன்றும் கேட்பேன். தப்பு, சித்தியிடம் மட்டும் கேட்டதில் இருக்கிறது. எட்டாவது வரை படித்த ஒரு பெண்ணிடம் என் குரல் உயர்ந்தது. ஆங்கில எழுத்து அச்சடித்த டப்பாவின் முன், ஏசி போட்ட கடையின் முன், அதே குரல் அடங்கிப்போயிற்று. எளியவரிடம் மட்டும் பாய்கிற கேள்விக்குப் பகுத்தறிவு என்று பெயர் வைக்க முடியாது. அது அதிகாரத்துக்கு அடிபணிவதன் இன்னொரு முகம். நான் சொல்வதாலேயே நம்பாதீர்கள் என்று பெரியார் தன் பேச்சையும் சேர்த்துத்தான் சொன்னார். மேடையில் அதைக் கேட்டுக் கைதட்டிய நாம், கவுண்டரில் மறந்துவிடுகிறோம்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று கை மெலிந்து, தோல் உரிந்து, குழந்தைக் கை மாதிரி இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. சித்தி கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கயிறு சாமிகிட்ட இருந்தாலும் வேல செஞ்சுது பாரு" என்றார். கடைக்காரர் விசாரித்துவிட்டு, "மாத்திரை நல்லா கேட்டிருக்கு சார்" என்றார். டப்பாவில் 28 மாத்திரை அப்படியே இருப்பதை அவரிடம் சொன்னேன். சித்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். கேள்வி கேட்டதற்காக அல்ல, அவரிடம் மட்டும் கேட்டதற்காக.

போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்க அம்மாவும் உடன் வந்தார். கடைக்காரர் பழக்கத்தில் வேறொரு டப்பாவை எடுத்து, "அம்மா, மூட்டுக்கு இது ஒண்ணு..." என்று நீட்டினார். அம்மா இடது கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: "தம்பி, இது சாப்பிட்டவங்களையும் சாப்பிடாதவங்களையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்களா?"

கடைக்காரர் டப்பாவைத் திரும்ப வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினார்.